கொட்டிய பாதி

காலை ஆறு மணி. கடிகாரக்காரர் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேப்சூலைப் பிரித்தார். உள்ளே கடுகைவிடச் சிறிய வெள்ளை மணிகள். பாதியைத் தொட்டியில் தட்டிவிட்டுக் குழாயைத் திறந்தார். மூடிகளைத் திரும்பப் பொருத்தினார். பிரித்த தடமே இல்லை. இருபது வருடமாகக் கைக்கடிகாரம் பழுதுபார்த்த விரல்கள்.

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் பெயர் பம்பரம். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். எடுத்த கணக்கை முடிக்க மாட்டாள். கவனக் குறைபாடு என்று டாக்டர் மருந்து எழுதினார். முதல் வாரம் உட்கார்ந்தாள். ஆனால் சிரிக்கவில்லை. தட்டில் வைத்தது அப்படியே இருந்தது.

"மூளைக்குக் கொடுக்கிற மருந்து, மாப்ள. புள்ள மந்தமாயிடும், பாத்துக்க," என்றார் மனைவியின் அண்ணன்.

அன்று தொடங்கியது இந்தப் பாதி. மனைவிக்குத் தெரியாது.

மறுமுறை டாக்டரிடம் போனபோது, "மருந்து கேக்கவே இல்ல டாக்டர். பழைய ஆட்டம்தான்," என்றாள் மனைவி.

"நீங்க என்ன சொல்றீங்க?" டாக்டர் அவரைப் பார்த்தார்.

"அவ சொன்னதுதான்."

டாக்டர் அளவைக் கூட்டி எழுதினார். புதிய கேப்சூலிலும் அவர் பாதியைக் கொட்டினார்.

நான்காம் நாள் எழ நேரமாகிவிட்டது. கூடத்தில் மனைவி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அசந்து தூங்கினீங்க. மாத்திரைய நானே கொடுத்துட்டேன்."

"முழுசாவா?"

"பின்ன, பங்கு போட்டா கொடுப்பாங்க?"

அவர் வாயைத் திறந்தார். சொன்னால் ஆறு வாரப் பொய்யும் வெளியே வரும். மூடிக்கொண்டார்.

கடையில் ஒரே திருகாணி மூன்று முறை நழுவியது. சுவரில் பன்னிரண்டு கடிகாரங்கள் ஓடின. ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டது. இப்போதாவது சொல்லலாம் என்று இருமுறை போனை எடுத்தார். இருமுறையும் வைத்துவிட்டார். பதினொன்றேகாலுக்கு அதுவே அடித்தது.

"சார், உடனே வாங்க," என்றார் டீச்சர். "குழந்தைக்குக் கை நடுங்குது. நெஞ்சு அடிச்சுக்குதுங்கிறா."

ஆஸ்பத்திரிக்குப் போகும் டாக்சியில் மகள் அவர்மேல் சாய்ந்திருந்தாள். உதடு வறண்டிருந்தது.

"அப்பா, உள்ள யாரோ ஓடுறாங்கப்பா."

மணிக்கட்டைப் பிடித்து நொடிமுள்ளைப் பார்த்தார். நொடிக்கு இரண்டு துடிப்புக்கு மேல். எண்ணுவதை நிறுத்த முடியவில்லை.

மனைவி வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து மை காயாத கையோடு ஓடிவந்தாள். அவளை வைத்துக்கொண்டே டாக்டரிடம் சொன்னார்.

"தினமும் பாதிய கொட்டிட்டேன், டாக்டர். இன்னைக்குத்தான் முழுசு போயிருக்கு."

டாக்டர் ஒன்றும் கேட்காமல் உள்ளே விரைந்தார். மனைவி மட்டும் நின்றாள்.

"ஒரு வாட்சைத் திறக்கறதுக்கு முன்னாடி ஆயிரம் கேள்வி கேப்பீங்களே," என்றாள். "எங்கிட்ட ஒண்ணு கேக்கக் கூடாதா?"



மாலையில் துடிப்பு இறங்கியது. மகள் பிஸ்கட் கேட்டாள். டாக்டர் வெளியே வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எதுக்குக் கொட்டினீங்க?"

"அவ சிரிக்கவே இல்ல. சாப்பிடல. பயமா இருந்துச்சு."

"அத அன்னைக்கே சொல்லியிருந்தா நானே குறைச்சிருப்பேன். நீங்க சொல்லல. மருந்து பத்தலைன்னு நெனச்சு நான் கூட்டினேன்." டாக்டர் பழைய சீட்டைக் கிழித்தார். "மருந்தை மாத்தச் சொல்லிக் கேக்கறதுக்குப் பயப்படாதீங்க. சொல்லாம மாத்தறதுக்குப் பயப்படுங்க."