இருநூறு கண்

கூரியர் அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு எஃகுக் குழாய் வெளியே வந்தது. இரை விழுங்கிய பாம்பு மாதிரி நடுவில் மட்டும் வயிறு புடைத்திருந்தது. சிம்ரன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இந்தக் கேட்டுக்கா மாசக்கணக்கா செல்லும் கையுமா இருந்தீங்க? நெஜப் பூனையே வாங்கியிருந்தா எலியாவது புடிக்கும்."

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத்தான் கார்ப் பைத்தியங்கள் செல்லமாகக் கேட், அதாவது பூனை, என்பார்கள். எஞ்சின் கக்கும் நச்சுப்புகையைச் சுத்தம் செய்து அனுப்புகிற தேன்கூடு அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. கிறிஸ்டோபர் பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி, பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிக்கொண்டிருந்தான். கம்பெனி போட்ட தேன்கூடு ரொம்ப நெருக்கம், எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாயைப் போடு, கார் பறக்கும் என்று சொல்லாத ஆளில்லை. ஆனால் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைக்கு அவன் மனைவி சிம்ரன் வேலைக்குப் போய்வருவதும் இதே காரில்தான், அவளுக்கோ வீஸிங். அதனால் கண் பெரிதான ஹை-ஃப்ளோ கேட் என்று முடிவெடுத்தான். தேன்கூட்டில் சதுர அங்குலத்துக்கு நூறு கண் என்றால் வாடை வரும், நானூறு என்றால் வேகம் வராது. தறிப் பாவில் இழை எண்ணுகிற ஊரில் பிறந்தவனுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபட்டது. இருநூறு கண் வாங்கினான்.

சிம்ரன் அலமாரியிலிருந்து வேளாங்கண்ணி எண்ணெய்க் குப்பியை எடுத்து, கட்டைவிரலால் அந்த வயிற்றில் ஒரு சிலுவை போட்டாள். எண்ணெய் மினுங்கிவிட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் போனது. மறுநாள் பாலாஜியின் ஒர்க்‌ஷாப்பில் காரையும் கேட்டையும் கொடுத்துவிட்டுக் கிறிஸ்டோபர் ஷிப்டுக்குப் போய்விட்டான். பாலாஜி ஐடிஐயில் இவனோடு ஒரே பெஞ்ச், இவன் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவன். பாலாஜியிடம் விட்ட வண்டியைக் குனிந்து பார்க்கிற வழக்கமே கிடையாது.

சாயங்காலம் கார் சீறியது. "செமயா இழுக்குதுடா" என்று பாலாஜிக்குப் போன் போட்டுச் சொன்னான். அந்த வாரமே சிம்ரன் இருமத் தொடங்கினாள். கண் எரிகிறது, சிக்னலில் நின்றால் நெஞ்சை அடைக்கிறது என்றாள். பாலாஜியிடம் கேட்டான். எண்ணெய் தடவிய கதையை உளறியதும் இவன்தான்.

"அதாம்பா விஷயம்! புது எஃகுல எண்ணெய் படலாமா? தங்கச்சி தடவுனது உள்ளாற ஊறி எரிஞ்சிக்கினு இருக்குது. போவப் போவ சரியாயிடும்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றைக்கு வீட்டில் அவன் கத்திய கத்தல் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். உன் எண்ணெயையும் உன் பக்தியையும் என் வண்டியிலா காட்டணும் என்றெல்லாம் பேசிவிட்டான். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்க கடையில பொடவ வாங்க வர்றவங்க மொதல்ல திருப்பிப் போட்டு உள்பக்கத்ததாங்க பாப்பாங்க. நீங்க பாத்தீங்களா?"

"பாலாஜி போட்டத நான் திருப்பிப் பாக்கணுமா?"

மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் வாடை இன்னும் போகவில்லை என்று சொல்லத்தான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். பாலாஜி தன் மஞ்சள் பந்தயக் காரை அப்போதுதான் ஓட்டிவந்து லிஃப்டில் ஏற்றியிருந்தான். "எங்கியோ புஸ்ஸுன்னு காத்து போவுது, பாரு மச்சான்" என்று டார்ச்சை இவன் கையில் திணித்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போனான்.

வெளிச்சம் குழாயின் வயிற்றில் விழுந்தது. சூட்டில் வெந்து, எஃகோடு எஃகாகப் பழுப்பேறி, அங்கே ஒரு சிலுவை இருந்தது. கட்டைவிரல் அகலம். கீழ்க்கோடு வலப்பக்கம் வழுக்கியிருந்தது. சிம்ரன் யார் நெற்றியில் போட்டாலும் அது அப்படித்தான் வழுக்கும். ஆள் தெரியாத ஊரில் வீட்டு ஆளைப் பார்த்தவன் போல முதலில் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் இது யாருடைய கார் என்பது உறைத்தது.

வெளியே போய், தன் காருக்கு அடியில் கையை விட்டுக் குழாயை ஸ்பேனரால் தட்டினான். உள்ளே தேன்கூடு இல்லாமல் காலி டின் மாதிரி டணங்கென்றது. இத்தனை நாளாக அவன் சிலாகித்துக்கொண்டிருந்த இழுப்பு வெறும் ஓட்டைக் குழாயின் இழுப்பு.

பாலாஜி அருகில் வந்து நின்றான். இவன் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கும் புரிந்துவிட்டது.

"அந்த வாரம் பந்தயத்துல பொக செக்கிங் வெச்சிருந்தான்பா. என்னுது கேட்டு ஒடஞ்சி பூட்ச்சி. ஓட்டிட்டு மாத்திடலாம்னுதான் இருந்தேன். நீயே செமயா இழுக்குதுன்னுட்ட. அப்பறம் சொல்ல வாய் வரல."

கூடவே இருந்து குழி பறித்தவன் குரலில் சண்டை இல்லை, கெஞ்சலும் இல்லை. பஞ்சர் ஒட்டத் தாமதமானதற்குச் சமாதானம் சொல்கிற குரல்தான். கிறிஸ்டோபர் ஸ்பேனரைக் கீழே போட்டான். குழாய் போனால் மயிரே போச்சு.

"எண்ணெய்தான்னு எதுக்குடா சொன்ன?"

பாலாஜி தரையைப் பார்த்தான். "கயட்டித் தர்றேன் மச்சான். கொஞ்சம் ஆறட்டும். இப்ப தொட்டா கைய சுட்டுடும்."

கிறிஸ்டோபர் அது ஆறும்வரை நிற்கவில்லை.

கடை விடும் நேரத்துக்கு ரங்கசாமி குளம் பஸ் ஸ்டாப்புக்கு வந்தான். கூட்டத்தில் சிம்ரன் நின்றிருந்தாள். காரின் உறுமலைக் கேட்டதுமே, திரும்பிக்கூடப் பார்க்காமல், துப்பட்டா நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பூ வண்டிக்குப் பின்னால் நகர்ந்தாள். அப்புறம்தான் கண்ணாடி வழியே யார் என்று பார்த்தாள்.

அவன் எஞ்சினை அணைத்தான். இறங்கப் போனவனை, இருங்க என்று ஒரு கையைத் தூக்கி நிறுத்தினாள். கதவுப்பிடியில் கையை வைத்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் நடுவில் புகை மெதுவாகக் கலைந்துகொண்டிருந்தது. அவள் மூக்கிலிருந்து துணியை இன்னும் எடுக்கவில்லை.