கரைப் பக்கத்துக் குரல்

தந்தி வந்தபோது மணி எட்டு. பட்டணத்துப் பத்திரிகை நிருபர் பத்தரை வண்டியில் வருகிறாராம், பேட்டிக்குத் தயாராக இருக்க வேண்டுமாம். இங்கிலீஷைப் படித்துச் சொன்ன தபால்காரர் தன் வழியே போய்விட்டார். பரசுராமன் தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி லோகாம்பாளுக்குத்தான் கவலை பிடித்துக்கொண்டது.

காஞ்சிபுரத்துப் பட்டில் போலிப் பட்டைக் கலக்கிறார்கள் என்று போன வாரம் அதே பத்திரிகை எழுதியிருந்தது. உடனே பட்டணத்து ஜவுளிக்கடைகள் கல்யாணச் சேலை ஆர்டர்களை நிறுத்திவிட்டன. அவர்கள் இருக்கும் பிள்ளையார்பாளையத்தில் நாற்பது தறிகளுக்கு அடுத்த சேலைக்குப் பாவு நூல் இல்லை. நெசவாளர் சங்கத் தலைவர் பரசுராமன்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவர் நெய்த சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வாய்தான் அவருக்குச் சத்துரு. ஒன்று நாக்கு ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் கோபத்தில் கண்டதையும் கொட்டிவிடும். கலப்படம் செய்கிறவர் அதே ஊர் வீராசாமி என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் பத்திரிகையில் ஊர்ச்சண்டைதான் அச்சாகும், ஆர்டர் திரும்பாது.

"நான் கேள்வி கேக்கறேன். நீங்க நெய்ஞ்சிக்கினே சொல்லுங்க" என்றாள் லோகாம்பாள்.

சேலையின் உடலை அவர் நெய்வார், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாக் கட்டையை அவள் போடுவாள். அவர் "உம்" என்பார், அவள் போட்டுவிட்டு "ஆச்சு" என்பாள். பதினாறு வருஷமாக இப்படித்தான். அன்றும் தறி ஓட ஓட அவள் கேட்டாள், அவர் சொன்னார். மூன்று முறை கேட்டுப் பார்த்தாள், மூன்று முறையும் பதில் தடையில்லாமல் வந்தது. இவருக்கா பேச வராது என்று அவளுக்கே கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது.

நிருபர் வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். எதிரே பாயில் பரசுராமன். கதவுக்குப் பின்னால் லோகாம்பாள்.

"எங்க சங்கத்துச் சேலை எல்லாம் அசல் பட்டு. உம்" என்றார் பரசுராமன். அதோடு நின்றுவிட்டார்.

நிருபர் காத்திருந்தார். பரசுராமனும் காத்திருந்தார். காலையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தான் "ஆச்சு" சொன்ன பிறகே அவர் அடுத்ததற்குப் போனார் என்பது லோகாம்பாளுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஆச்சு" என்றாள், கதவுக்குப் பின்னாலிருந்தே.

பரசுராமனுக்கு உயிர் வந்தது. சங்கம் சேலையைப் பார்த்து முத்திரை குத்தும் முறையைச் சொன்னார். உம். ஆச்சு. நாற்பது குடும்பங்கள் படும் பாட்டைச் சொன்னார். உம். ஆச்சு. நிருபர் கதவை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டே போனார்.

"அப்படியானால் கலப்படம் செய்வது யார்?"

இது காலையில் கேட்காத கேள்வி. பரசுராமனின் முகம் சிவந்தது. "யாருன்னா கேக்கறீங்க? சொல்றேன், எழுதிக்குங்க. அந்த..."

"இழை அறுந்துது" என்றாள் லோகாம்பாள்.

தறியில் அந்தச் சொல் கேட்டால் அவர் கைகால் அப்படியே நின்றுவிடும். இப்போது வாயும் நின்றது. ஒரு மூச்சு விட்டார்.

"அத்த சங்கம் விசாரிக்குது. எங்க முத்திரை இருக்கிற சேலைல ஒரு இழைய உருவிக் கொளுத்திப் பாருங்க. முடி கருகற நாத்தம் வந்தா பட்டு. காயிதம் எரியற நாத்தம் வந்தா சேலைய நாங்களே திருப்பி வாங்கிக்கறோம்."

கதவைப் பிடித்துக்கொண்டு அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மனசு லேசாகி, கண்ணில் நீர் வந்தது.

மூன்றாம் நாள் பத்திரிகை வந்தது. அதற்கு மறுநாளே ஒரு கடையிலிருந்து முதல் தந்தி: சேலைகளை அனுப்பவும். அன்று தறியில் உட்கார்ந்ததும் பரசுராமன் பத்திரிகையை விரித்து அவளுக்குப் படித்துக் காட்டினார். "சங்கத் தலைவரும் அவர் மனைவியும் நம் நிருபரிடம் கூறியதாவது..."

"இன்னொரு வாட்டி படிங்க" என்றாள்.

படித்தார்.