கூப்பிட்டால் வராத ரத்தம்

வீரையனுக்கு நெஞ்சு ரத்தக் குழாயில் கம்பி வலை வைத்து நாலு மாதம் ஆகியிருந்தது. வைத்துவிட்ட தஞ்சாவூர் ஆஸ்பத்திரியை அவர் நம்பவில்லை. எழுதிக் கொடுத்த மாத்திரைகளையும் நம்பவில்லை. காலையில் சாப்பிட்டு எழுந்ததும் பெண்சாதி அம்சம் உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். அவள் வாயை அடைப்பதற்காக விழுங்கிவைத்தார்.

சம்பாவுக்கு நாற்றுப் பறிக்கிற அன்று காலில் அட்டை கடித்தது. மன்னார்குடிப் பக்கத்தில் அதெல்லாம் ஒரு சேதியா? சுண்ணாம்பைத் தொட்டு வைத்தால் சுருண்டு விழும், கொஞ்சம் ரத்தம் கசியும், நின்றுபோகும். இவருக்கு நிற்கவில்லை. புகையிலையை வைத்து அழுத்தினார். துண்டைக் கிழித்துக் கட்டினார். துணி ஊறி, கணுக்கால் வழியாக இறங்கி, வரப்பு மண் கறுத்தது.

நாற்றுமுடி கட்டிக்கொண்டிருந்த பூவிழி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன மாமா, அட்டைக்குப் பந்தி வெச்சிருக்கீங்களா? அது தின்னுட்டுப் போயி எந்நேரமாச்சு. எலையை எடுங்க."

பெண்கள் சிரித்தார்கள். வீரையனுக்குச் சிரிப்பு வரவில்லை. கூலிக்கு அறுத்த காலத்தில் அரிவாள் விரலைப் பிளந்திருக்கிறது. சேற்றை அப்பிக்கொண்டு அடுத்த அரி கதிரை அறுத்தவர் அவர். அந்த ரத்தம் எங்கே போயிற்று?

திருச்சியில் நர்ஸாக இருக்கும் மகள் செம்மொழிக்குப் போன் போட்டார்.

"மாத்திரைதாம்ப்பா அப்படிப் பண்ணுது. பண்ணத்தான் செய்யும்."

"ரத்தம் ஒழுகுறதுக்கா மாத்திரை?"

"கேளு. ரத்தத்துல தட்டணுன்னு பொடிசு பொடிசா இருக்கு. அது ஒவ்வொண்ணு மேலயும் ஏற்பின்னு ஒண்ணு இருக்கு. காதுன்னு வெச்சுக்கயேன். எங்க அடிபட்டாலும் அங்கேருந்து ஒரு கூப்பாடு வரும். காதுல விழுந்ததும் எல்லாம் ஓடியாந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஓட்டையை அடைச்சிரும். மாத்திரை அந்தக் காதை அடைக்குது."

"கூப்பிட்டா வராத பய எனக்கு எதுக்கு?"

"உன் நெஞ்சுல இருக்கிற கம்பியையும் அது புண்ணுன்னுதான் நெனைக்கும். அங்க போயி ஒட்டுச்சுன்னா குழாய் அடைச்சுரும், ஆளு போயிருவ. காதடைச்சது சாகச் சாக புதுசு பொறந்துக்கிட்டே இருக்கும், அதனாலதான் தெனமும் போடச் சொல்றது. வலை வெச்சு ஒரு வருசம் முடியிற வரைக்கும் விட்டுறாதப்பா."

அவருக்குப் புரியாமல் இல்லை. விதை விற்கிற கடைக்காரனேதான் பூச்சி மருந்தும் விற்கிறான். வலை வைத்தவன் மாத்திரை போடு என்றுதான் சொல்வான். அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்ல மகளையும் படிக்க வைத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து மாத்திரைகளை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டார். அம்சம் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். கொல்லைப் பக்கம் போய் வாய்க்காலில் துப்பினார்.

முதல் சில நாட்கள் ஒன்றும் மாறவில்லை. சவரம் செய்த கீறல்கூட அடங்காமல் ஒழுகியது. குடித்த விஷம் இன்னும் இறங்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த வாரம் கடைசி வயல் நடவில் நிற்கும்போது மறுபடி அட்டை கடித்தது. வரப்பில் உட்கார்ந்து கடிவாயையே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் உறைந்து நின்றுவிட்டது.

"பூவிழி, இங்க வா. பாரு."

"பரவாயில்லையே மாமா. பழைய ஆளா ஆயிட்டீங்க."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. காலில் புண்ணை அடைத்த அந்தப் பொடிசுகள் நெஞ்சுக்குள் கம்பியிலும் போய் அப்பத் தொடங்கியிருந்தன. அது அவருக்குத் தெரியவில்லை. வலியா எடுத்தது, தெரிவதற்கு?

வலி எடுத்தது நடவு முடிந்த மறுநாள் காலையில். சேற்றை மட்டப்படுத்துகிற பரம்புப் பலகையை நெஞ்சில் போட்டு ஓர் ஆள் ஏறி நிற்பதுபோல் இருந்தது. சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. தெருவில் இருந்தவர்கள் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

அதே ஆஸ்பத்திரி. டாக்டர் அம்சத்தைத்தான் கேட்டார்.

"மாத்திரை ஒழுங்கா போட்டாராம்மா?"

"என் கையாலதான் சார் குடுக்கறேன்."

"ஒருநாள்கூட விடலையே? வலை அடைச்ச மாதிரி இருக்கு. மாத்திரை போட்டும் அடைச்சிருக்குன்னா நாங்க வேற மாதிரி யோசிக்கணும். நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க."

அம்சம் நினைத்துப் பார்த்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். கடைக்காரரு மாத்திரை அட்டையில கோடு போட்டுக் குடுத்தாரு, அதைப் பாத்துத்தான் பிச்சுக் குடுத்தேன். நாந்தான் எதையாச்சும் மாத்திக் குடுத்துட்டனா?"

வீரையன் மூக்கில் கவிழ்த்திருந்த ஆக்சிஜன் மூடியை இழுத்துத் தள்ளினார்.

"அவ சரியாத்தான் குடுத்தா. நான் துப்பிட்டேன்."

"எப்பலேருந்து?"

"நாத்துப் பறிச்சதுலேருந்து."

டாக்டர் திட்டவில்லை. திட்டாதது வீரையனுக்குப் பயமாக இருந்தது. நர்ஸ் ஒரு கை நிறைய மாத்திரைகளைக் கொண்டுவந்து அவர் வாயில் போட்டாள். என்ன மாத்திரை என்று அவர் கேட்கவில்லை. ஒன்றுகூட விடாமல் விழுங்கினார். தண்ணீர் பாதி மோவாயில் வழிந்தது.

"இது எப்ப வேலை செய்யும்?"

"நேரம் ஆகும் ஐயா. அதுவரைக்கும் ஊசி போட்டுப் பாக்கறோம்." டாக்டரின் கண் திரையில் ஓடிய கோட்டை விட்டு நகரவில்லை.

அம்சம் முந்தானையால் அவர் மோவாயைத் துடைத்தாள்.

"தெனமும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான வாங்குனீங்க?" என்றாள், மெதுவாக.

அடைப்பை எடுக்கிற அறையைப் பார்த்துக் கட்டில் உருளத் தொடங்கியது. உள்ளே யாரையும் விடமாட்டார்கள். கதவு மூடியது. அவள் வெளியிலேயே நின்றுவிட்டாள்.