மணி அடித்தால் மரம் தும்மும்

போன் மணிக்குப் பயப்படுகிறவள் டாக்ஸி ஆபீசில் போன் எடுக்கிற வேலையில் இருந்தால் எப்படி விளங்கும்? என் பிழைப்பு அப்படித்தான் ஆகியிருந்தது. அச்சகத்தில் வேலை செய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தச் செய்தி என் மேசைமேல் இருந்த போனில்தான் வந்தது. அதற்குப் பிறகு அந்த மணி அடித்தால் போதும், கை வெலவெலத்துவிடும். யாரோ வண்டி கேட்டுக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரிந்தால்தானே!

முதலாளி நல்ல மனுஷன். வண்டி கழுவுகிற இடத்தில் சாவி வாங்கி வைக்கிற வேலைக்கு என்னை மாற்றினார். "இந்த மாசக் கடைசிவரைக்கும் பாக்கறேம்மா. அப்புறம் அந்த சீட்டுக்கு வேற ஆளைப் போட்டுத்தான் ஆகணும்" என்றார். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அவர்மேல் கோபப்படவும் வழியில்லாமல் வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன்.

சத்தம் கேட்டு என் நாத்தனார் வந்தாள். என் வீட்டுக்காரருடைய ஒரே தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். பணக்கார வீட்டு நாய்களைப் பழக்குவது அவள் தொழில். நடந்ததைச் சொன்னேன்.

"இடிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில ஒளியற நாயையே சரி பண்ணியிருக்கேன் அண்ணி. உங்களையும் பழக்கிடலாம்."

"ஏண்டி, என்னைப் பாத்தா நாய் மாதிரியா இருக்கு?"

"நாய்னா சொன்னதைக் கேக்கும். உங்ககிட்டதான் கஷ்டம்."

கொழுப்பைப் பாருங்கள்! ஆனால் சொன்னதோடு நிற்கவில்லை. ஆபீசுக்கு வந்து அந்த மணிச் சத்தத்தைப் பதிவு செய்து என் கைபேசியில் ஏற்றினாள். தினமும் சாயங்காலம் என் வாயில் ஒரு சாக்லேட்டைத் திணித்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் கைபேசிக்குக் கூப்பிடுவாள். நல்லதோடு சேர்த்துக் கேட்டால் மணியும் நல்லதாகிவிடுமாம். எங்கே? கொஞ்ச நாளில் சாக்லேட் தாள் சரசரத்தாலே எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

"போச்சு! போனும் போச்சு, சாக்லேட்டும் போச்சு. உன் வித்தையைக் கொண்டுபோய் உடைப்புல போடு!" என்று கத்தினேன்.

அவள் நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். "தப்பு என்னோடதுதான். சாக்லேட்டை முதல்ல குடுத்தேன்ல, அது வந்தா அடுத்து மணி வரும்னு உங்க உடம்பு பாடம் பண்ணிக்கிச்சு. மாத்திப் போடணும். மணி முதல்ல, நல்லது அப்புறம்."

"சத்தியமா இனி சாக்லேட் தின்ன மாட்டேன்."

"வேணாம். வேற வெச்சிருக்கேன்."

மறுநாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாள். சத்தத்தை மெல்லிசாக வைத்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன்.

"அண்ணி, ஸ்கூல் நாடகத்துல அண்ணன் மரமா நின்னான், தெரியுமா? ராஜா வசனம் பேசறப்போ மரம் தும்மிடுச்சு. கிளையெல்லாம் ராஜா தலையில!"

அவர் போனபின் அன்றைக்குத்தான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஏன் அவ்வளவு சிரித்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

அப்புறம் தினமும் ஒரு கதை. விட்டில் பூச்சிக்குப் பயந்து அவர் நாற்காலிமேல் ஏறியது, மீசையைச் சரிசெய்கிறேன் என்று பாதியைத் தொலைத்தது. அவளும் மணிச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். ஒரு சாயங்காலம் அவள் கூப்பிடத் தாமதமானபோது, இன்னும் மணியைக் காணோமே என்று நானே எரிச்சலோடு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசி நாள் என் பழைய சீட்டில் உட்கார்ந்தேன். முதலாளி தள்ளி நின்று பார்த்தார். போன் அடித்தது. நான் யோசிப்பதற்குள் கை எடுத்துவிட்டது, அதற்கும் முன்னாலேயே வாய் சிரித்திருந்தது. ஸ்டேஷனுக்குப் போகிற ஆள், வண்டி ஏன் எப்போதும் தாமதம் என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். நன்றாகத் திட்டட்டும், புண்ணியவான்! அவருக்கு வண்டியை அனுப்பிவிட்டு, நாத்தனாரை நினைத்து, "மகராசி, நீ நல்லா இருக்கணும்டி" என்று வாய்விட்டே சொன்னேன்.

வீட்டுக்குப் போனதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "பெத்த பொண்ணுகூட இப்படிச் செய்ய மாட்டா. எனக்காக உன் பொழுதெல்லாம் போச்சே."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து அந்த போனைப் பண்ணது நான்தானே அண்ணி. அதுக்கப்புறம் உங்களைக் கூப்பிடணும்னாலே விரல் மரத்துப்போயிடும். கதவைச் சாத்திக்கிட்டு முதல் தடவை உங்க நம்பரை அழுத்த எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? நீங்க சிரிச்சீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கும் உயிர் வந்துச்சு."

அட பாவி மகளே! செய்தி வந்த முனையில் நான் இருந்தேன், சரி. சொல்ல வேண்டிய முனையில் இருந்தவளை நான் ஒரு நாளாவது நினைத்தேனா?

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அவளைக் கூப்பிட்டேன். கூடத்தில் அவள் கைபேசி அடித்தது.

"என்ன அண்ணி?" என்றாள்.

"அந்த ஸ்கூல் நாடகத்துல என்னவா நடிச்சேன்னு உங்க அண்ணன் கல்யாணமான புதுசுல என்கிட்ட சொன்னாரு தெரியுமா?"

"என்னவா?"

"ராஜாவா."