டம்மி வரி

...அதுவும் இன்றைக்கா, இத்தனை வருஷம் காத்திருந்து ஒரே ஒரு சோகப் பாட்டு கைக்கு வந்த இன்றைக்கா இந்தக் கூத்து நடக்கவேண்டும், ஒலிப்பதிவு அறைக்குள்ளே பாடகர் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடுகிறார், பாடுவது நான் எழுதியதுதான், ஆனால் என் பாட்டு இல்லை, டம்மி, மெட்டின் அளவு பிடிபடுவதற்காக வாய்க்கு வந்ததை எழுதிவிட்டுத் தூக்கிப்போடுவோமே, அந்த டம்மி. மற்றவர்கள் தன்னானே என்று போட்டு அளவு எண்ணுவார்கள், எனக்கு அது வராது, ஏதாவது அசட்டு வார்த்தையாகப் போட்டால்தான் தாளம் நிற்கும், பிறகு உட்கார்ந்து நிஜ வரியை எழுதுவேன்... இசையமைப்பாளரின் உதவியாளப் பெண்ணைச் சொல்லி என்ன பிரயோஜனம், டம்மியையும் நிஜத்தையும் ஒரே தலைப்பில் அனுப்பிவைத்த புத்திசாலி நான்தானே, அவள் முதலில் கண்ணில் பட்டதை அச்செடுத்துப் பாடகர் முன்னால் வைத்துவிட்டாள். அவராவது கேட்டிருக்கலாம், அப்பா செத்துப்போன பாட்டில் எதற்கு இந்த வரி என்று. கேட்கவில்லை. மேலே என் பெயர் இருந்தால் எந்தக் கிறுக்குத்தனமும் சரிதான் போலிருக்கிறது.

கண்ணாடி எங்கடா, கண்ணாடி எங்கடா, நெத்திமேல ஏத்திவச்ச கண்ணாடி எங்கடா... கர்மம், கர்மம். காட்சி என்ன, அப்பாவை அடக்கம் செய்துவிட்டு மகன் ஆளில்லாத வீட்டுக்குள் நுழைகிறான், அவ்வளவுதான், வசனமே கிடையாது, முழுக்க என் பாட்டுத்தான் பேசவேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். எழுதி எழுதிக் கிழித்து, கடைசியில் “ஆகாயம் போனவரே, ஆலமரம் சாய்ந்ததையோ” என்று வந்து நின்றபோது, இது வெளியே வந்தால் இனி எவனும் என்னைக் கொசுக்கவி என்று கூப்பிடமாட்டான் என்று நினைத்தேன். கொசுக்கவி! ஒரே ஒரு கொசுப் பாட்டு, காதுக்குள் ரீங்காரமிடும் கொசுவிடம் ஒருத்தன் கடன்காரனிடம் கெஞ்சுவதுபோல் கெஞ்சுகிற பாட்டு, அது ஊர் வாயில் எல்லாம் நுழைந்து புறப்பட்டு என் பேரையே தின்றுவிட்டது. அப்பா இறந்த அன்றைக்கு, வாசலில் நான் நின்றுகொண்டிருக்க, சித்தப்பா வந்து கட்டிப்பிடித்து அழுதார், அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அந்தக் கொசுப் பாட்டு இருக்கே, என்னமா எழுதியிருக்கடா” என்றார், பக்கத்தில் நின்ற யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அதற்குப் பிறகு எனக்கு அழுகை வரவே இல்லை. வந்திருந்தாலும் நடிப்பு என்றிருப்பார்கள்.

பாட்டு நின்றுவிட்டது. ஏன் யாரும் சிரிக்கவில்லை? கதவைத் திறந்துகொண்டு இசையமைப்பாளர் வருகிறார், முகத்தைப் பார்த்தால் திட்டப்போகிறவர் மாதிரி இல்லை, நான் முந்திக்கொண்டு தாள் மாறிப்போச்சுங்க, அது டம்மி என்கிறேன், “தெரியும் சார், ரெண்டாவது தடவை பாடும்போதே தெரிஞ்சுபோச்சு. இதையே வெச்சுக்கலாம்” என்கிறார். என்ன மனுஷன் இவர், அப்ப நான் எழுதினது என்னாகிறது என்று கேட்டால், “ஆலமரம் ஏற்கெனவே நிறையப் படத்துல சாஞ்சிடுச்சு சார்” என்று என் தோளைத் தட்டுகிறார், தட்டிவிட்டு, “சரணத்துக்கும் இதே மாதிரி நாலு வரி டம்மியாவே எழுதிக் குடுத்துடுங்க, பாடகர் இருக்கும்போதே எடுத்துடுவோம்.” போய்விட்டார். டம்மியாவே எழுதிக் கொடுக்கவேண்டுமாம்! யோசித்து எழுதினால் அது எப்படி ஐயா டம்மி ஆகும்? வயிற்றெரிச்சலாக இருக்கிறது. என் பெயரில் வரப்போகிற ஒரே சோகப் பாட்டு, அதிலும் ஒரு கோமாளி வரி, தியேட்டரில் கொல்லென்று சிரிக்கப்போகிறார்கள், அதோடு முடிந்தது.

சரி, எழுதித் தொலைக்கவேண்டும். அந்த வரி எங்கிருந்து வந்தது, அதைப் பிடித்தால் அடுத்தது வரும்... வேறெங்கிருந்து, அப்பாவிடமிருந்துதான். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், கிட்டத்தில் வைத்துப் படிக்கும்போது மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார், படித்து முடித்ததும் மறந்துவிட்டு வீட்டையே புரட்டிப்போடுவார், கண்ணாடி எங்கடா, கண்ணாடி எங்கடா, நானும் அம்மாவும் வேண்டுமென்றே சொல்லாமல் கூடச் சேர்ந்து தேடுவோம். இதில் சோகம் எங்கே இருக்கிறது? என் பாட்டைப் பற்றி அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதுண்டா? நான் பாட்டெழுதிய முதல் நாடகத்துக்கு வந்தாரே, தும்மலை வைத்து நான் எழுதிய சிரிப்புப் பாட்டு வந்த நாடகம், நோட்டீஸில் “நகைச்சுவை பாடல்கள்” என்று அச்சாகியிருந்ததில் ஒரு ‘ப்’ செருகி, விளக்கு அணைவதற்கு முன்பே என் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் திரைச்சீலை இடுக்கு வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், வெளியேறும் வாசலுக்கு மேலே எரிந்த விளக்கின் சிவப்பு அவர் முகத்தில் விழுந்தது, கல்லு மாதிரி இருந்தார், உதடு பிரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் எப்படிப்பா இருந்துச்சு என்று கேட்டேன், “ஒரு ‘ப்’ விட்டுப்போச்சுடா” என்றார். அதுதான் அவர் தீர்ப்பு, அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டையும் அந்தச் சிரிக்காத முகத்துக்காகத்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆலமரத்தைக்கூட...

பேனா நகரவில்லை. அந்த முகத்தையே எழுதினால் என்ன, சிரிக்காத முகம், சிவப்பு வெளிச்சம், நெற்றியில் பளபளவென்று... இரு. நெற்றியிலா? ஆமாம், வெளிச்சம் பட்டு மின்னியது கண்ணில் இல்லை, மேலே, நெற்றியில்தான் மின்னியது. படிக்கும்போது மட்டும்தானே ஏற்றுவார்? நோட்டீஸ் என்னிடம் இருந்தது, விளக்கெல்லாம் அணைந்திருந்தது, கையில் ஒன்றுமே இல்லாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் எதற்காகக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவேண்டும்? நான் எட்டிப் பார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கையை முகத்துக்குக் கொண்டுபோனாரா? எதைத் துடைத்தார்? எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களே, சிரித்துச் சிரித்து, அதுதானா, இல்லை வேறு ஏதாவதா... கதவு திறக்கிறது, “வந்துடுச்சா சார்?” என்கிறார் இசையமைப்பாளர், கையைத் தூக்கி, இருங்க என்று காட்டுகிறேன்.