ஒன்பது தகப்பன்மாரின் துப்பல்

போர் முடிந்து, அகதி முகாமிலிருந்து வந்து நறுவிலிக்குளத்தில் மீள்குடியேறிய இரண்டாம் வருடம் கொழும்பிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கும் பிள்ளைகளின் மரபணுவை ஆராய்கிறார்களாம். தாய், தகப்பன், பிள்ளை மூவரின் உமிழ்நீரும் சேர்ந்தால்தான் பதிவு முழுமை. பதிவு முழுமையானால் பிள்ளைக்கு இலவசச் சத்திரசிகிச்சை. ஒப்பிட்டுப் பார்க்க மற்றக் குடும்பங்களுக்கும் உமிழ்நீர்க் குப்பிகள் கொடுத்தார்கள்.

சிவபாக்கியத்தின் மகள் யதுர்சிகாவுக்கு இரண்டு வயது. குடித்த பால் மூக்கால் வரும்.

குழு வந்த அன்று, சிவபாக்கியத்தின் கணவன் கதிர்காமு உட்பட ஆண்கள் பலர் விதைநெல்லுக்காக முருங்கனுக்குப் போயிருந்தார்கள். இல்லாதவர்களின் குடும்ப அட்டைகளை அயல்வீட்டு அன்னப்பிள்ளை வாங்கிக்கொண்டாள். முகாமில் மாவும் பருப்பும் சவர்க்காரமும் அவள் இப்படித்தான் பக்கத்துக் கூடாரங்களுக்கு எடுத்துக் கொடுத்தவள். இப்போது ஒன்பது ஆண்களின் குப்பிகளிலும் துப்பிக் கொடுத்தாள். கடைசிக் குப்பிக்கு வாய் வறண்டு, புளியங்காயை நினைக்க வேண்டியிருந்தது.

நாலு மாதம் கழித்து குழுவின் டொக்டர் தனுசியா கோப்போடு சிவபாக்கியத்தின் வீட்டுக்கு வந்தார்.

"அம்மா, உங்கட மனுசன் எங்க?"

"இந்தா நிக்கிறார்."

கதிர்காமுவின் மீசையை டொக்டர் பார்த்தார். "அறிக்கையின்படி இவர் பொம்பிளை. இந்த ஊரில ஒன்பது வீட்டுக்கும் அந்த ஒரு பொம்பிளைதான் தகப்பன்."

"அடியே அன்னம், ஒன்பது வீடு வைச்சிருக்கிறியோ!" என்று வேலிக்கு அப்பாலிருந்து சிவலட்சுமி கத்தினாள்.

வேலியடியில் நின்ற அன்னப்பிள்ளை சிரிக்கவில்லை. "ஆக்கள் இல்லையெண்டு நான்தான் குடுத்தனான். ஆரின்ர பங்கும் விட்டுப்போகக்கூடாதெல்லோ?"

"பிள்ளையின்ர ஒப்பரேசன்?" சிவபாக்கியம் கதிர்காமுவை முன்னால் தள்ளினாள். "இவர் இப்பவே துப்புவார், டொக்டர்."

டொக்டர் தலைமைக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தார். பதிவைத் திருத்த ஒரு வருடமாகுமாம். சத்திரசிகிச்சைத் திகதியோ வருகிற செவ்வாய். பதிவிலுள்ள உமிழ்நீருக்குரியவரே தகப்பனாகக் கையெழுத்திட்டால் தடையில்லையாம்.

"அப்ப நான்?" என்றார் கதிர்காமு.

"நீங்கள் அயலவர் எண்டு வாங்கோ."

செவ்வாய்க்கிழமை கொழும்பு ஆஸ்பத்திரியில், 'தகப்பன்' என்ற கட்டத்தில் அன்னப்பிள்ளை தன் பெயரை நிறுத்தி எழுதினாள். தாய் தகப்பனுக்கு மட்டும்தான் உள்ளே அனுமதி. கதிர்காமு நாலு நாள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஐந்தாம் நாள் தாதி யதுர்சிகாவின் தகப்பனைக் கூப்பிட்டாள். உள்ளே அன்னப்பிள்ளையும் வெளியே கதிர்காமுவும் ஒன்றாகக் கையைத் தூக்கினார்கள். தாதி கோப்பைப் பார்த்து, தையல் போட்ட உதட்டோடு பிள்ளையை அன்னப்பிள்ளையிடம் கொடுத்தாள்.

அன்னப்பிள்ளை கையெழுத்து வைத்து வாங்கினாள். வாசலுக்குக் கொண்டுபோய், வழக்கம்போல, உரிய ஆளிடம் கொடுத்தாள்.