போனில் வரும் அத்தா

மொஹ்சினுக்கு உட்கார முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, தண்டையார்பேட்டைப் பூங்காவில் அவ்வளவு பெஞ்சு காலியாகக் கிடந்தும், மனுஷன் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி நடந்துகொண்டே இருந்தான். சறுக்குமரம் வரை போவான், திரும்புவான், கேட்டைப் பார்ப்பான், மறுபடியும் சறுக்குமரம்.

"இன்னாங்க, கொஞ்ச நேரம் உக்காருங்களேன். பாக்கற எனக்கே தல சுத்துது," என்றாள் அவன் மனைவி நவ்ரீன். அவள் மடியில் மூன்று வயசு ரூஹி, அம்மாவின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள்.

அவனுடைய தவிப்பெல்லாம் அந்தத் துப்பட்டாவுக்குள்தான் இருந்தது. தவழக்கூட ஆரம்பிக்காத பிள்ளையை விட்டுவிட்டு துபாய்க்குப் போனவன். லீவில் வந்து மூன்று வாரமாகிறது, வியாழக்கிழமை திரும்ப விமானம் ஏற வேண்டும். இத்தனை நாளில் மகள் ஒரு தடவையாவது அவன் கையைப் பிடித்தாளா? கிடையாது. அவளுக்கு அவன் 'அங்கிள்'. பொம்மை, பஞ்சுமிட்டாய், ராயபுரத்திலிருந்து ரயில் சவாரி, ஒன்றும் பலிக்கவில்லை. மிட்டாயை மட்டும் வாங்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடிவிடுவாள், கெட்டிக்காரி.

ராத்திரி ஆனால் போனைத் தூக்கிக்கொண்டு, "அத்தா ஏன் போன் பண்ல?" என்று ஒரே அழுகை. "இதோ, இவருதாம்மா அத்தா," என்று ஆளாளுக்குக் காட்டினால், அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னும் பெரிதாக அழுவாள். போனில் வரும் அத்தாவுக்கு உள்ளங்கை அளவு முகம், கால் கிடையாது. இதுவோ யாரோ நெட்டையாக, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். பெற்றவனுக்கு வயிறு எரியாதா?

இன்றைக்கு ஒரே நம்பிக்கை இலை வேட்டை. சுகிர்தம் டீச்சர் மாதத்தில் ஒரு ஞாயிறு அந்தப் பேட்டைப் பிள்ளைகளுக்காக நடத்துவது. ஆளுக்கொரு காகிதப் பை கொடுப்பார். கீழே விழுந்து கிடப்பதை மட்டும்தான் பொறுக்க வேண்டும்: உள்ளங்கையைவிடப் பெரிய இலை, புழு தின்ற இலை, கசக்கினால் வாசனை வருகிற இலை. பொறுக்கியதை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். லாரிப் புகையும் கரித்தூசியும் செய்கிற புண்ணியத்தில் துணி கறுத்துப் போகும், அப்புறம்தான் இலைக்குப் பச்சை வரும்.

"அம்மாமாருக்கெல்லாம் இன்னைக்கு பெஞ்சுல ரெஸ்ட்டு! அப்பாமாரு புள்ளைங்க கையப் புடிச்சுக்கிட்டு கெளம்புங்க!" என்றார் டீச்சர்.

இதற்காகத்தானே வந்தான். மொஹ்சின் கையை நீட்டினான். ரூஹி போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்காய்கள் மொத்தமும் எழுந்து பறந்தன.

"அங்கிள் வாணாம்! அங்கிள் வாணாம்!"

"யாருப்பா நீ? கொழந்த ஏன் இப்டி கத்துது?" என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி கேட்டேவிட்டாள். தன் பிள்ளைக்குத் தான்தான் அத்தா என்று பூங்காவில் நின்று சாட்சி சொல்கிற கதி எந்த எதிரிக்கும் வர வேண்டாம்.

நவ்ரீன் பதில் சொல்வதற்குள் அவன் நகர்ந்துவிட்டான். செடிப்புதரைத் தாண்டி, பின்பக்க மதிலோரம் பூவரச மரத்தடி வரை விறுவிறுவென்று போனான். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கண்டெய்னர் லாரி காது கிழிய ஹாரன் அடித்தது. வியாழக்கிழமை வரைக்கும் எதற்கு, டிக்கெட்டை மாற்றி இன்றைக்கே போய்த் தொலையலாமா என்றுகூடத் தோன்றியது. வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல நவ்ரீனுக்குப் போன் போட்டான். பழக்கதோஷம், விரல் வீடியோ காலில் போய் விழுந்தது.

எடுத்தது நவ்ரீன் இல்லை.

"அத்தா!" திரை முழுக்க ரூஹி, பல்லெல்லாம் தெரிய. "நீ எங்க பூட்ட? ஏன் போனே பண்ல?"

மொஹ்சின் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். "இங்கதான்டா கீறேன், கண்ணு."

"அத்தா, நம்ம வூட்ல ஒரு அங்கிள் வந்துகீறாரு. ஒரே பேஜாரு. என் தலகாணிய எடுத்துக்கினாரு. நீ வந்து அவர அடி."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவனுக்கு. "அடிக்கலாம்மா. நல்லா நாலு சாத்து சாத்தலாம்."

"இப்பவே!"

கைக்கு எட்டிய பூவரச இலை ஒன்றைப் பறித்தான். டீச்சர் பார்த்திருந்தால் திட்டியிருப்பார். சட்டையில் துடைத்தான், சட்டை கறுத்தது. இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி, வாயில் வைத்து ஊதினான். பீ... ப்பீ...

ரூஹி கெக்கெக்கே என்று சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. சத்தம் போனுக்குள்ளிருந்தும் வந்தது, புதருக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்தது.

"இன்னொரு வாட்டி ஊது."

ஊதினான். திரையில் அவள் முகம் போய் வானம் தெரிந்தது, பிறகு புல், பிறகு குட்டிச் செருப்புகள், ஓடுகிற செருப்புகள். நிறுத்தினால் பிள்ளை நின்றுவிடுமோ என்ற பயத்தில் மூச்சு முட்ட ஊதிக்கொண்டே இருந்தான்.

புதரைச் சுற்றி வந்து நின்றாள். பின்னாலேயே நவ்ரீன். ரூஹியின் ஒரு கையில் போன், கக்கத்தில் காகிதப் பை. போனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். மொஹ்சின் மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். காலையிலிருந்து அவன் உட்கார்ந்தது அப்போதுதான்.

"போன்லேர்ந்து எறங்கிட்டியா?"

"எறங்கிட்டேன்மா."

"அந்த அங்கிளு?"

"அவர வெரட்டி வுட்டுட்டேன்."

கிட்டே வந்தாள். திரையைத் தேய்ப்பதுபோல ஒரு விரலால் அவன் கன்னத்தைத் தேய்த்துப் பார்த்தாள். முகம் போகவில்லை, அங்கேயே இருந்தது. அப்புறம் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு, அவள் பாட்டுக்கு இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பாதாம் மரத்தடியில் பெரிய இலை கிடைத்தது. வேப்பிலையைக் கசக்கி முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். மூன்று வாரச் சோர்வும் எங்கே போனதென்று தெரியாமல் அவன் சிரித்துக்கொண்டிருந்தபோது, நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"அத்தா, திரும்ப போன் உள்ள பூடுவியா?"

பொய் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "புழு தின்ன எல இன்னும் கெடைக்கலியே. வா, தேடலாம்," என்றான்.

அவள் ஏமாறவில்லை. கையிலிருந்த போனைக் காகிதப் பைக்குள், இலைகளுக்கு அடியில் போட்டாள். பையின் வாயை மடித்து மடித்து இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"போனக் குடும்மா," என்று கையை நீட்டினாள் நவ்ரீன்.

"தர மாட்டேன்," என்றாள் ரூஹி. "தந்தா அத்தா உள்ள பூடும்."